துரைக்குச் சொன்ன நன்றி

மகள் தன் ஆசிரியைக்கு நன்றி அட்டை எழுதிக்கொண்டே, "தேங்க்ஃபுல் போடவா, கிரேட்ஃபுல் போடவாப்பா?" என்று கேட்டாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஐம்பது வயதில் இதற்கெல்லாம் வியர்க்கக் கூடாதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். எனக்குப் பத்து வயது. என்னை ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வெள்ளைக்காரத் துரை சம்மதித்திருந்தார். நன்றி சொல்ல அப்பா அழைத்துப்போனார். ரப்பர்ப் பால் புளித்த வாடையடிக்கும் கொட்டகையைத் தாண்டும்வரை தேங்க்ஃபுல், கிரேட்ஃபுல், ஒப்ளைஜ்டு என்று மென்றுகொண்டே நடந்தேன். தப்பானதைச் சொன்னால் துரை மனம் மாறி, என்னைப் பால்வாளி தூக்க விட்டுவிடுவார் என்று பயம்.

துரையைப் பார்த்ததும் மூன்றும் பறந்துபோயின.

"என்னடா, வாய் இல்லே? தமிழ்லே சொல்லு," என்றார், தோட்டத்தில் கற்ற தமிழில்.

தமிழிலா? தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. சோறு போட்டவர்களைக் கிழவர்கள் வாழ்த்துவதுதான் வாயில் வந்தது. கையை உயர்த்தி, "மகராசனா இருப்பா," என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். துரை தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

"சரி தாத்தா. திங்கக்கெழமே ஸ்கூலுக்குப் போ," என்றார்.

"எது போட்டாலும் பள்ளியை விட்டு விரட்ட மாட்டாங்கம்மா," என்றேன் மகளிடம்.

"அதையா கேட்டேன்? எது சரின்னு சொல்லுங்கப்பா."

அது எனக்கு இன்றுவரை தெரியாது.