ஒரு சொட்டுக்கூடக் கரையாத ஐஸ்

1. பஸ் டாப்பில் வந்த மூட்டை

தெர்மாமீட்டரில் பாதரசம் நூற்றாறைத் தாண்டி நின்றது. உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே கோடுதான். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து சர்டிபிகேட் வாங்கியபோது இனி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு இருந்தது. சின்னமனூர் ஆஸ்பத்திரியில் அந்த நூற்றாறைப் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் போய்விட்டது.

கட்டிலில் கிடந்தவள் பொன்னுத்தாய். கொடிக்காலில் வெற்றிலை பயிரிடும் வேலுச்சாமியின் மனைவி. மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா. அந்த நாட்களில் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. கொயினா ஊசி போட்டாகிவிட்டது.

“மருந்து பிடிக்க நேரமாகும் சிஸ்டர். அதுக்குள்ள இந்தச் சூடு அவளைக் கொன்னுரும். எப்படியாவது இறக்கணும்” என்றார் டாக்டர். ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தோம். துணி காய்ந்ததுதான் மிச்சம்.

அன்று மலை மேலிருக்கும் எஸ்டேட் துரை வீட்டு விருந்துக்கு மதுரையிலிருந்து ஐஸ் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். தேனி வரை ரயில், அங்கிருந்து பஸ். டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் பஸ்ஸை மறித்தார்.

“அய்யா, இது தொரை வீட்டுச் சாமான். எம் பொழப்புல மண்ணைப் போட்றாதீக” என்று கண்டக்டர் கும்பிட்டார்.

“இங்கன ஒரு உசுரு போகுதுய்யா! தொரைகிட்ட நான் பேசிக்கிறேன், நீ எறக்கு.”

டாப்பிலிருந்து மூட்டை இறங்கியது. தொட்டேன், சாக்கு சுட்டது. அதற்குள் ஒரு பழைய கம்பளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வெயிலில் கம்பளியைப் போர்த்தியிருக்கிறானே படுபாவி, உள்ளே தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிரித்தால் கம்பளிக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ் கட்டி, முழுசாக! நம்ப முடியாமல் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

“என்ன பாக்கிறீங்க? கம்பளிக்குச் சொந்தமா சூடு கிடையாது. சூட்டை அந்தப் பக்கமும் விடாது, இந்தப் பக்கமும் விடாது. அவ்வளவுதான் அதோட வேலை” என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற வேலுச்சாமியும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “இது கரைஞ்சு போச்சுன்னா வேற ஐஸ் கெடையாது. பத்திரமாப் பாத்துக்க.”

2. கொடிக்கால்காரர் போட்ட கட்டு

ரப்பர் பையில் ஐஸைப் போட்டுப் பொன்னுத்தாயின் தலையில் வைத்தேன். சூடு லேசாக இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டது. டாக்டரும் நானும் அங்கே போக வேண்டியதாயிற்று. குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் நான் திரும்பி வந்தேன்.

வேலுச்சாமி முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

“வாங்க நர்ஸம்மா. நீங்க வச்சுட்டுப் போன பை ஒரே வேர்வையா ஊத்துச்சு. தொறந்தா பாதி தண்ணி! எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அதான் அதைத் தூக்கி அங்குட்டு வச்சுட்டு, மூட்டையில இருந்த மிச்ச ஐஸை நம்ம கட்டுல போட்டேன். இந்நேரம் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலை, பாத்துக்கங்க!”

பொன்னுத்தாயின் நெற்றியில் ஒரு கட்டு இருந்தது. வெளியே வாழைச் சருகு, அதற்குள் வைக்கோல், அதற்குள் மரத்தூள், சுற்றிலும் வாழைநார். பறித்த வெற்றிலை சந்தைக்குப் போய்ச் சேரும்வரை வாடாமல் இருக்க கொடிக்கால்காரர்கள் போடுகிற கட்டு. அந்த வேலையில் வேலுச்சாமி மன்னன். அப்படி ஒரு நேர்த்தி.

கட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஈரமே இல்லை. நெற்றி தோசைக்கல்லாகக் கொதித்தது. நாரைப் பிய்த்துப் பிரித்தேன். ஐஸ் வெட்டி வைத்த முனைகூட மழுங்காமல் அப்படியே இருந்தது. என் வேலைக்காலத்தில் எத்தனையோ கண்றாவிகளைப் பார்த்திருக்கிறேன், ஒரு பொருள் கெடாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு தடவைதான். அதற்குள் பொன்னுத்தாய்க்குப் பல் கிட்டி, கண் மேலே செருகி, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

“அடப்பாவி மனுசா! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீக!” என்று நான் போட்ட கூச்சலில் டாக்டர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்.

வேலுச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. “பத்திரமாப் பாத்துக்கன்னு நீங்கதானய்யா சொன்னீக! கரைஞ்சா வேற கெடையாதுன்னு சொன்னீகளே! கரைய விடலையே நான்!”

“கரையாம வச்சிருக்க ஐஸ் எதுக்குய்யா? ஒரு கல்லைத் தூக்கி வச்சிருக்கலாமே! ஐஸ் குளிரைக் குடுக்கும்னு நெனச்சியா? அது சூட்டை வாங்கும்யா. இவ சூட்டை வாங்கி வாங்கித்தான் அது கரையணும். அது அப்பிடியே இருந்துச்சுன்னா, சூடும் இவகிட்ட அப்பிடியே இருக்குன்னு அர்த்தம்!”

வேலுச்சாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மிக்கல்லில் போட்டு ஐஸை அவரே உடைத்தார். பிடரியிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணியோடு வைத்து வைத்து எடுத்தோம். ஒவ்வொரு துண்டும் கரையும்போது “போச்சு, போச்சு” என்று முனகிக்கொண்டிருந்த மனிதர், இழுப்பு அடங்கியதும் “போ, சீக்கிரம் போ” என்று ஐஸை விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

3. சுடாத தண்ணீர்

கட்டிலுக்குக் கீழே சட்டியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே வந்தது. பாதரசம் இறங்கிக்கொண்டே வந்தது. வேலுச்சாமி சட்டிக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“அய்யா, இவ சூடெல்லாம் இதுக்குள்ளதான போயிருக்கு? அப்ப தண்ணி கொதிக்கணுமே. சில்லுனு கெடக்கே! சூடு எங்கனய்யா போச்சு?”

நானும் கையை விட்டுப் பார்த்தேன். வாஸ்தவம்தான்.

“ஐஸுக்குள்ள தண்ணித் துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்குய்யா. அந்தப் பிடி விட்டாத்தான் அது தண்ணி. அந்தப் பிடியை விடுவிக்கவே அத்தனை சூடும் செலவாகிப்போச்சு. தண்ணியைச் சுட வைக்க மிச்சம் இல்ல” என்றார் டாக்டர்.

நான் அதை லேசில் நம்பவில்லை. பின்னொரு சமயம் ஐஸ் கிடைத்தபோது ஒரு கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட் அடுப்பில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கீழே நெருப்பு எரிகிறது. கடைசித் துண்டு மறைகிற வரைக்கும் தண்ணீர் விரல் விறைக்கிற குளிர்ச்சி! மறைந்த பிறகுதான் சூடேறத் தொடங்கியது. கண்ணால் பார்த்தும் மனசு ஒப்பவில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பொன்னுத்தாய் கண் திறந்தாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு வேலுச்சாமி விம்மிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அழுகுறீக? எனக்கு என்ன ஆச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தெர்மாமீட்டரை உதறி அவள் நாக்கடியில் வைத்தேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஐஸ் வைத்த நோயாளியின் சொந்தக்காரர்கள் ஓடி வந்து, “சிஸ்டர், எல்லாம் கரைஞ்சு தண்ணியாப் போச்சு” என்று புலம்பினால் பதறாதீர்கள், வேறு ஐஸ் வையுங்கள். “வச்சது வச்சபடியே இருக்கு சிஸ்டர்” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.