இரண்டாவது ஆயில் பைப்

அந்தப் பைப்பைப் போட்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் பழைய மெக்கானிக்குகள் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ‘மேஸ்திரி போட்டது’ என்பார்கள். பத்தாவது ஆள் ‘எந்தப் பைப்பு?’ என்பார். சொல்லாவிட்டால் போகட்டும் என்று இருபது வருடம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

1993. எங்கள் பக்கத்தை விழுப்புரம் மாவட்டம் என்று தனியாகப் பிரித்த வருடம். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிப் பிழைத்தவர்கள். நான் எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் முதலில் என் சான்றிதழைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ‘எந்தத் தெரு?’ என்பார்கள். காலனி என்றதும் சான்றிதழ் என் கைக்குத் திரும்பிவிடும். கடைசியில் ஒரு மேஸ்திரி சேர்த்துக்கொண்டார். ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. மற்றவர்கள் கழற்றிப் போடும் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து அடுக்குவதுதான் என் வேலை.

கேவலமான வேலை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு எஞ்சின் எதனால் செத்தது என்பது கழுவுகிறவளுக்குத்தான் முதலில் தெரியும். எந்த ஓட்டையில் கசடு, எந்த இடத்தில் உராய்வு, எங்கே ஆயில் வந்தது, எங்கே வரவே இல்லை என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் விழுப்புரத்து அரிசி மில்காரர் ஒருவரின் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. அவருடைய தாத்தா வாங்கியது. திறந்த கூரை, மரச் சக்கரம், முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் இந்தக் காரில்தான் என்று அவர் சொல்லிவிட்டார். மேஸ்திரி எஞ்சினை இறக்கி, நான்கு பேரிங்குகளுக்கும் புதிதாக ஈய உலோகம் உருக்கி ஊற்றிச் சுரண்டிப் பொருத்தி அனுப்பினார். விக்கிரவாண்டி தாண்டியதும் டக் டக் என்று சத்தம். முன்னால் இருக்கிற முதல் பேரிங் உருகிவிட்டது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மறுபடி ஊற்றினார். மறுபடி விக்கிரவாண்டி. மூன்றாவது தடவையும் அதே இடம், அதே முதல் பேரிங். மற்ற மூன்றும் புத்தம் புதிதாக இருந்தன.

“மெட்டல்ல கலப்படம். வேற இன்னா?” என்றார் மேஸ்திரி.

கலப்படம் என்றால் முதல் பேரிங் மட்டும் ஏன் உருக வேண்டும்? மற்ற மூன்றும் அதே கரண்டியில் ஊற்றியவைதானே? நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடு எஞ்சினைக் கழுவ உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. பின்பக்கம் சுற்றுகிற பெரிய சக்கரம் அடியில் கிடக்கும் ஆயிலை வாரி மேலே இறைக்கும். அங்கே ஒரு சின்னப் புனல் அதைப் பிடித்து, பென்சில் தடிமன் பைப் ஒன்றின் வழியாக முன்பக்கம் அனுப்பும். முன்னால் விழும் ஆயில் நான்கு சிறு தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிக்கொண்டு பின்பக்கம் திரும்பும். பேரிங்குகள் சுற்றும்போது அந்தந்தத் தொட்டியில் முங்கி எழுந்து ஆயில் எடுத்துக்கொள்ளும். பின்பக்கத் தொட்டிகளுக்கு எப்படியும் கொஞ்சம் ஆயில் தெறிக்கும். முன்பக்கத் தொட்டிக்கு அந்த ஒரு பைப்பை விட்டால் வேறு கதி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நான் ஐ.டி.ஐ. போயிருக்கவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டி ஊருக்குள் இருந்தது. அங்கிருந்து காலனிக்கு ஒரே ஒரு பைப். வழியில் எல்லோரும் பிடித்ததுபோக எங்களுக்குக் காற்றுதான் வரும். காலனியின் கடைசியில் இருந்த நாலாம் நம்பர் குழாயில் ஒரு வருடமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தக் குழாயடி எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்தது.

எஞ்சினின் அந்தப் பைப்புக்குள் கம்பியை விட்டு இழுத்தேன். விளக்குத் திரிபோல விரல் நீளத்துக்குப் பஞ்சு வந்தது. மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“மேஸ்திரி, மொத பேரிங்குக்கு ஆயிலே போவலைங்க. பைப்பு அடச்சிக்கினு இருக்குது.”

அவர் பஞ்சைப் பார்த்தார். “நீ தொடைக்கறப்ப வுட்ட பனியன் துணி இது. பண்றதையும் பண்ணிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா?”

மூன்று தடவை உருகியதற்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிட்டது. பட்டறையில் இருந்த ஐந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பனியன் வேஸ்ட் என்றால் பச்சை, சிவப்பு என்று பல நிறத்தில் இருக்கும். இது முழு வெள்ளை, நடுவில் ஒரு நீல இழை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்தக் காரில் கியர் என்பது, சுற்றும் உருளைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்தாம். பட்டையின் உட்புறம் பருத்தி நாடா வைத்துத் தைத்திருக்கும். அந்த நாடா கடைகளில் நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆயிற்று. மேஸ்திரி கட்டில் பின்னுகிற நாடாவை வாங்கி, இரண்டாக மடித்து, செருப்புத் தைக்கும் நூலால் தைத்துப் போட்டிருந்தார். நல்ல மூளைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ‘கட்டில் நாடாவுல கார் ஓட்டுறவரு’ என்று அவருக்குச் செஞ்சி வரைக்கும் பெயர். ஆனால் கட்டிலில் படுக்கிற நாடா வேறு, ஆயிலுக்குள் உருளையோடு தேய்கிற நாடா வேறு. அது தேய்ந்து பஞ்சாக உதிர்ந்து, ஆயிலில் மிதந்து, பைப்பின் வாயில் போய் உட்கார்ந்தது. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டிக்குள் பைப் அடைத்துவிடும். அவ்வளவுதான் கதை.

நான் எழுந்துபோய் மூலையில் இருந்த நாடாச் சுருளை எடுத்து வந்து, அந்தப் பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீல இழையும் நீல இழையும்.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. “நாடாவ மாத்த மாட்டேன். அது என் தொழிலு. வாய் இருக்குதுல்ல, நீயே சொல்லு, இன்னா பண்ணலாம்?”

“நாடா இருக்கட்டுங்க. வெளியால இன்னொரு பைப்பு போடலாம். அரை இஞ்சி. பஞ்சு வந்தாலும் அடைக்காம அதும்பாட்டுக்குப் போவும்.”

“போட்டும் உருகிச்சின்னா?”

“நான் வூட்டுக்குப் போயிடறேன். இந்த ஊருல எந்தப் பட்டறையிலயும் கால் வைக்க மாட்டேன்.”

“உருகலன்னா?”

“ஸ்பேனர் குடுக்கணும். நான் கேக்கற ஸ்பேனரு.”

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மில்காரர் தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு வேறு வழி இல்லை. உருகினால் பழியைப் போட ஒரு தலையும் கிடைத்தது. “சரி, போட்டுத் தொலை” என்றார்.

செம்புக் குழாய் ஒரு பழைய லாரியிலிருந்து கிடைத்தது. பின்பக்க மூடியிலிருந்து பைப் வெளியே வந்து திரும்புகிற இடத்துக்கு நல்ல பித்தளை எல்போ ஒன்று வேண்டும். கடையில் கேட்டேன், இல்லை. அன்று சாயங்காலம் நாலாம் நம்பர் குழாயடிக்குப் போய் அதன் எல்போவைக் கழற்றினேன். திருட்டுப் போகாமல் இருப்பதற்காக, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து அதில் ‘காலனி 4’ என்று புள்ளி புள்ளியாக வெட்ட வைத்திருந்தார்கள். நான் செய்தது திருட்டு என்றால் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருடம் எங்கள் தண்ணீரைத் திருடியது யார் என்று கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள்.

பின்பக்க மூடியில் துளை போட்டு, உள்ளே ஆயில் தெறித்து விழும் இடத்தில் அகலமான வாய் ஒன்று வைத்தேன். எல்போவை அதனோடு பற்றவைத்து, பைப்பை எஞ்சினின் பக்கவாட்டில் கொண்டுபோய் முன்பக்கம் இறக்கினேன். வெட்டிய எழுத்து அடிப்பக்கம் வருகிறமாதிரி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

வண்டியை மேஸ்திரி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கி, பைப்பின் முன்முனையில் கை வைத்தேன். சூடான ஆயில் முன்னால் வந்துசேர்ந்தால்தான் அந்த முனை சுடும். சுட்டது. இரண்டு விரல் கொப்பளித்துப்போனது. அதைவிட நல்ல வலி எனக்கு அதுவரை வந்ததில்லை. மேஸ்திரியும் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார், டீயை ஊதிக் குடித்தார். விக்கிரவாண்டி வந்தது. அவர் தலையைச் சாய்த்துச் சத்தத்துக்குக் காத்திருந்தார். விக்கிரவாண்டி பின்னால் போனது. விழுப்புரம் வந்துவிட்டது.

மில்காரர் வாசலில் நின்று மேஸ்திரிக்குப் புதுத் துண்டு போர்த்தினார். ‘கை ராசிக்காரர்’ என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். மேஸ்திரி கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

“அந்தப் பைப்பு நான் போட்டதுங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மில்காரர் சிரித்தார். “மேஸ்திரி சொன்னாரு, நீ சாமான் எடுத்துக் குடுத்த. அதானம்மா?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் காலை என் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்து, “எடு” என்றார். அவர் தவிர யாரும் தொடாத ரிங் ஸ்பேனர் ஒன்று உண்டு. அதற்குத் தினமும் துணி சுற்றி வைப்பார். அதை எடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது, ஆனாலும் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு அவருக்கு ஒரு கும்பிடு. பைப்பு யார் போட்டது என்று மட்டும் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இருபது வருடம் போனது. திண்டிவனம் பைபாஸில் எனக்குச் சொந்தப் பட்டறை வந்தது. ஷேர் ஆட்டோ, மினி லாரி என்று கை ஓயாத வேலை. ஒருநாள் அந்தக் கார் ஒரு லாரியின் முதுகில் வந்து இறங்கியது. மில்காரரின் மகன் கூட வந்திருந்தார். புதுச்சேரியில் பழைய கார் கண்காட்சி, அதற்குத் தயார்செய்ய வேண்டும் என்றார்.

“எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்கா. சைடுல ஒரு தண்ணிக் குழா மாதிரி கீது பாருங்க, அத கழட்டிடுங்க. பழைய மேஸ்திரி ஏதோ ஒட்டுப் போட்டு வச்சிக்கிறாரு.”

“அது மேஸ்திரி போட்டது இல்ல. நான் போட்டது. கழட்ட மாட்டேன். கழட்டினா விக்கிரவாண்டி டோல்கேட்டைக்கூடத் தாண்டாது.”

“நீங்களா? அப்பா மேஸ்திரின்னுதானே சொல்வாரு…”

“போன்ல லைட் அடிச்சி, குனிஞ்சி, அந்த எல்போவுக்கு அடியில பாருங்க. ‘காலனி 4’ன்னு வெட்டி இருக்கும். மேஸ்திரிக்கு அது தெரியாது. உங்க அப்பாவுக்கும் தெரியாது.”

அவர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்துப் பார்த்தார். எண்ணெய்க் கசடைக் கட்டைவிரலால் துடைக்கும் சத்தம் கேட்டது. எழ வெகுநேரம் ஆனது. எழுந்தவர் ‘காலனி 4’ என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன், எதையும் விடாமல் சொன்னேன்.

“கண்காட்சியில வண்டி பக்கத்துல ஒரு போர்டு வைப்பாங்கக்கா. அதுல உங்க பேர எழுதிடறேன்” என்றார்.

“என் பேரு வாணாம். குழாயில இருக்கறத அப்படியே எழுதுங்க.”

எழுதுகிறாரா என்று பார்க்க பஸ் பிடித்துப் புதுச்சேரி போனேன். கார் விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகத் தானே ஓடி வந்து, கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் மூடி திறந்திருந்தது, பைப்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். போர்டில் வருடம், எஞ்சின் விவரம், கடைசி வரியில்: ‘இரண்டாவது ஆயில் பைப் - காலனி 4, திண்டிவனம்.’

கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் திரும்பினார். “காலனி 4ன்னா எந்தக் கம்பெனிங்க? வெளிநாடா?”

“எங்க கம்பெனி” என்றேன்.