யாரும் அடிக்காத பெல்

அண்ணன் வீட்டில் காலிங் பெல் கிடையாது. இருந்ததை அவரே கழற்றிவிட்டார். போகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டும். கைபேசியும் எப்போதும் சைலண்டில்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணி மட்டும் சர்ச்சுக்குப் போய்வருவார். ஆராதனைக்கு முன்னால் மணி அடிப்பார்களே, அதனால் அண்ணன் போவதில்லை.

தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முன்பு அண்ணன் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை மேலேயிருந்து இயக்குகிறவர். கீழே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் பெல்தான். நிற்கும் கேஜுக்கு ஒரு பெல் வந்தால் மேலே தூக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெல் வந்தது, தூக்கினார். அந்த நேரம் கீழே ஒரு ஆள் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் பெல்லைத் தொடவே இல்லை என்றார் கீழே நின்ற பெல்மேன். பெல் வந்தது என்றார் அண்ணன். பழி அண்ணன்மேல் விழுந்தது. கொஞ்ச காலம் "வந்துது, வந்துது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். வந்ததா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன வருஷம் எனக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. தினம் ரயிலில் பெங்களூருக்குப் போய் எவனுக்கோ மெஷின் சோதித்துக் கொடுக்கிறவன், சொந்தமாக ஒன்றை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் என்ன தப்பு? ஒரு முழ நீளத்தில் மரப் படகு. பின்பக்கம் மோட்டார், நடுவில் பேட்டரி, முன்பக்கம் ரிசீவர். கையில் இருக்கும் ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால் ரிசீவர் அதைப் பிடித்து மோட்டாரைச் சுற்றவைக்கும். ரிசீவருக்கும் மோட்டாருக்கும் நடுவில் போகும் ஒயர் நாலு விரல் குறைந்தது. இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினேன். ஈயம் உருக்கிப் பற்றவைக்கச் சோம்பல். பேத்தமங்களா ஏரிக்குக் கொண்டுபோகும் முன் ஒருதரம் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம் என்று, அண்ணன் வீட்டுப் பின்பக்கம் இருக்கும் சிமெண்ட் தொட்டிக்கு எடுத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். கரண்ட் இல்லை. எந்த வீட்டிலும் டிவி சத்தம் இல்லை, மிக்ஸி சத்தம் இல்லை. சுவருக்கு அப்பால், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சைனைடு மேடு வெளுத்துக் கிடந்தது. அதற்கும் அப்பால், கேஜ் ஏறி இறங்கிய ஷாஃப்டின் இரும்புக் கோபுரம். பம்புகளை நிறுத்தியதிலிருந்து சுரங்கத்துக்குள் லெவல் லெவலாகத் தண்ணீர் ஏறிவிட்டது என்பார்கள். அதற்கு மேலேதான் நாங்கள் சமைக்கிறோம், படுக்கிறோம். யாரும் அதை நினைப்பதில்லை. அன்று ஏனோ காலடியில் அந்தத் தண்ணீர் நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

படகு இரண்டு சுற்று நன்றாக ஓடியது. அண்ணன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி விடலாம் என்று ரிமோட்டை அணைத்தேன். படகின் பேட்டரியைக் கழற்றவில்லை. ரிமோட்டைக் கடைசியில்தான் அணைக்க வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் பாடம். பசி வந்தால் எனக்குப் பாடமெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

அப்போது படகு நகர்ந்தது.

டுர்ரென்று ஒரு சத்தம். ஒரு சாண் தூரம் போய் நின்றுவிட்டது. தண்ணீர் அடங்கியது. மறுபடியும் அதே மாதிரி, ஒரே ஒரு முறை. படகின் முன்பக்கம் அண்ணனைப் பார்த்தே இருந்தது.

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கை எழுந்து, அங்கே இல்லாத ஒரு லீவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. இழுத்தது அவருக்கே தெரியவில்லை.

"ரிமோட்டு எங்க கீது?" என்றார்.

"என் கையிலதாண்ணா. ஆஃப்லதான் கீது."

வாங்கிக்கொண்டார். சுவிட்சைத் தடவிப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பின்மூடியைத் திறந்து செல்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். இருவரும் தண்ணீரையே பார்த்தோம். படகு மூன்றாம் முறையும் கிளம்பி, நேராக வந்து அவர் முழங்காலுக்குக் கீழே தொட்டிச் சுவரில் இடித்தது.

"யார்றா பெல்லு குடுக்கறது?" என்று கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். படகை வெடுக்கென்று தூக்கி மூடியை நெம்பினேன். உள்ளே தண்ணீர். படகைத் தள்ளும் விசிறியின் கம்பி போகும் குழாய் வழியாக ஒழுகி, நான் டேப் சுற்றிய இடம் ஊறிக்கிடந்தது.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஜாயிண்ட்ல தண்ணி பூந்துகீது. தண்ணி பூந்தா யாரும் குடுக்காமயே சிக்னல் போவும், அவ்ளோதான்" என்று படபடவென்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அண்ணன் அந்த டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு பெல்லு லைனு நல்லா இருந்துதுன்னுதான நீ சொன்ன?"

ஆமாம், சொன்னேன். அப்போது நானும் சுரங்கத்தில்தான் இருந்தேன், எலக்ட்ரீஷியனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விபத்துக்கு நாலு நாள் முன்பு அதே ஷாஃப்டில் அறுந்த பெல் ஒயரைச் சேர்த்தவன் நான். தண்ணீர் சொட்டும் இடம். ஷிஃப்ட் முடியும் நேரம். முறுக்கி, டேப் சுற்றிவிட்டு ஏறி வந்துவிட்டேன். விசாரணையில் முதலில் கேட்டதே லைனைப் பற்றித்தான். நன்றாக இருந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த ஜாயிண்ட் இன்றைக்கும் கீழே தண்ணீருக்குள்தான் இருக்கும்.

"நல்லா இல்லண்ணா" என்றேன். "இதே மாதிரிதான் சுத்திட்டு வந்தேன். சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேலை எல்லாருக்கும்தான் போச்சு" என்றார். செல்களை ஒவ்வொன்றாக ரிமோட்டில் திருப்பிப் போட்டார். "வேற யார்னா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்டா. நீ சொன்னதாலதான், சரி, என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன்."

ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணி சமையலறையில் இருந்தார். நான் பின்பக்கத்திலேயே படகை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு பெல்லு வந்துது" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

கரண்டிச் சத்தம் நின்றது. "இப்ப எப்படித் தெரியும்?" என்றார் அண்ணி.

என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எனக்குக் கேட்டுது" என்றார் அண்ணன்.