கொழும்புக்குப் போகலாமா

கீரனூர் ஸ்டேஷனில் தனியாக நிற்கிறேன். பள்ளிக்கூட லீவில் கொழும்பைச் சுற்றிப் பார்க்க ஆசை. அங்கே பணமுடை என்று கேள்விப்பட்டு, கூட வருவதாக இருந்த நண்பர் பின்வாங்கிவிட்டார். நானும் இன்னும் ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்ந்த டிக்கெட்டை வாங்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்த ரயிலில் இறங்கிய பெண், தகரப் பெட்டியோடு பெஞ்சில் உட்காருகிறாள். இலங்கையிலிருந்து திரும்புகிறாளாம். நான் கொழும்புக்குப் போக நிற்பதைச் சொல்கிறேன்.

“ரப்பர் விலை போகலைன்னு தோட்டத்தை மூடிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும் கொழும்பு துறைமுகத்துல மூட்டை தூக்குறாரு. நீங்க என்ன சோலியா அங்கிட்டு போறீங்க?”

“சும்மா பார்க்கத்தான்.” சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. “போங்க. அவரைப் பாத்தா, நான் ஊரு வந்து சேந்துட்டேன்னு சொல்லுங்க.”

அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு டிக்கெட் வாங்கப் போகிறேன். அந்த ஊரில் தேடுவதற்கு எனக்கு இப்போது ஒருவர் இருக்கிறார்.