சிவப்பு நூல் இல்லாத வரைபடம்

பென்சில் சீவும் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும். எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வந்த அந்த ஒல்லி மனிதர், இன்று நடப்பது, இனி நடக்க வேண்டியது, இடையில் போகும் வழி என்று மூன்று தாள்களில் பென்சிலால் வரைபடம் வரைந்திருந்தார். எல்லாரையும் துரத்தித் துரத்தி, "இதுக்கப்புறம் யார் கைக்குப் போவுது?" என்று கேட்பார்.

மறுநாள் பழைய பதிவேடுகளை மூடிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறவேண்டும். புடவைகளைத் தரம் பிரிக்கும் நான் அன்றுதான் அந்தத் தாள்களைப் பார்த்தேன்.

"சார், ஜரிகை சோதனையில தேறாத புடவைக்குச் செவப்பு நூல் கட்டுவோமே, அது எங்க?"

"எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லியேம்மா!"

"எழுதினதில்ல சார், கட்டிக்கினுதான் இருக்கோம். அது இல்லன்னா நாளைக்கு தேறாத புடவையும் நல்லதோட கலந்து கடைக்குப் போயிடும்."

வெளுத்துப்போனார். மாற்றத்தைத் தள்ளிவைத்து, முதல் தாளையே அழித்தார். கிளம்பியவர் வாசலில் நின்று என்னைப் பயத்தோடு பார்த்தார்.

"எழுதாம இன்னும் என்னல்லாம் செய்றீங்கம்மா?"