கோடாலி இல்லாத ஊர்

கொளஞ்சியம்மாள் என்னை நம்பவே இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

1987. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். அடுத்த இரண்டாவது மாதம் நான் கல்வராயன் மலையடிவார ஊரொன்றில் வீடு வீடாக ஏறி இறங்கினேன், விறகடுப்பு ஆய்வுக்காக. வேறு மாநிலத்துக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றித் தந்திருந்தார் பேராசிரியர். "கண்ணகி, ஒரு கேள்வியும் விடாதே" என்று வேறு சொல்லியிருந்தார்.

கரும்பு வெட்டிவிட்டு வந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார் கொளஞ்சியம்மாள். நான் வாசித்தேன்: "சென்ற மூன்று மாதங்களில் உங்கள் வீட்டில் மரம் வெட்டியவர் யார்? எந்தக் கருவியால்?"

அகப்பையைக் கீழே வைத்தார். "எங்க வூட்ல கோடாலியே இல்லம்மா. வூட்டுக்காரரு மாடு வாங்க மலைக்குப் போயிருக்காரு. நீ இன்னா, ஸ்டேஷன்லருந்து வர்றியா?"

பின்பக்கம் பிளந்த விறகு கழுத்தளவு அடுக்கியிருந்தது. பொய் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டேன். மாலைக்குள் நாற்பது வீடு முடிந்தது. ஒரு வீட்டிலும் கோடாலி இல்லை. ஆண்கள் எல்லோரும் மாடு வாங்கப் போயிருந்தார்கள். என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்டது, மறியலுக்கு மரம் வெட்டியவர்களைத் தேடும் போலீஸ் கேட்கிற கேள்வி.

மறுநாள் கேள்வியை மாற்றிக்கொண்டு போனேன்: "ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு எரியும்?"

கொளஞ்சியம்மாள் மசியவில்லை. தாளின் தலைப்பில் இருந்த கோட்டைத் தொட்டார். "மேல இன்னா கோடு?"

"பேர் எழுதறதுக்குக்கா."

"அடுப்புக்கு எதுக்கு பேரு?"

"பேராசிரியர் திட்டுவாருக்கா."

"திட்டட்டும். எங்க வூட்டுக்காரர புடிச்சிக்கினு போனா நீயா வந்து கஞ்சி ஊத்துவே?"

எல்லாத் தாளிலும் பெயர், கதவு எண் கேட்கும் கோடுகளை அடித்துவிட்டேன். படிக்கத் தெரியாதவர், ஆனாலும் ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தார். "நேத்து எழுதினத எடு" என்றார். எரிச்சலோடுதான் கொடுத்தேன். நாற்பது தாளும் அவர் அடுப்பில் எரிந்தன.

வெள்ளிக்கிழமை, ஊர் திரும்புகையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. சப்-இன்ஸ்பெக்டர் என் பையைக் கொட்டித் தாள்களைப் புரட்டினார்.

"ராஜாங்கம் வூடு எதும்மா இதுல? கொளஞ்சியம்மா புருஷன்?"

"தெரியலீங்க சார்."

"வூடு வூடா போயிக்கினு, ஒரு பேரும் எழுதலியா?"

கொளஞ்சியம்மாள் கேட்டதையே கேட்டேன்.

"அடுப்புக்கு எதுக்குங்க சார் பேரு?"

தாள்களை என் மடியில் வீசிவிட்டு இறங்கிப் போனார். என்னை நம்பாத அந்த மனுஷிக்கு, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மனதாரக் கும்பிடு போட்டேன்.