காயாத சேலையோடு கொழும்புக்கு

அலுவல் பயணத்துக்குப் பருத்தி உடுப்பை எப்படிப் பையில் அடுக்கிக்கொண்டு போவது என்று எங்கள் கம்பெனி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பியது. சேலையை மடிக்காமல் சுருட்ட வேண்டுமாம். போய்ச் சேர்ந்ததும் குளியலறையில் தொங்கவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்தால், ஆவி பட்டுச் சுருக்கம் தானாக நீங்கிவிடுமாம். அடிக்கடி துவைக்காமல் காற்றாட வெயிலோரம் போட்டாலே போதுமாம். இதை எழுதிய புண்ணியவானை ஆடி மாதம் பொகவந்தலாவைக்குக் கூட்டிவந்து எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆவிக்காக அவர் குளியலறையைத் தேட வேண்டியதில்லை. ஆனி பிறந்து மழை இறங்கினால் எங்கள் ஊரே அந்தக் குளியலறைதான். வெயிலோரத்தைத்தான் அவர் தேடிக் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் நலன்புரி அலுவலர். தோட்டம் தோட்டமாகப் போய், கொழுந்து பறிக்கும் பெண்களின் குறைகளைக் கேட்டு மேலே எழுதி அனுப்புவது என் வேலை. எழுதியது மேலே போகும், அங்கேயே இருந்துவிடும். இந்த முறைதான் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில், வெளிநாட்டிலிருந்து வந்து தேயிலை வாங்குகிறவர்கள் முன்னால் நானே பேசலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறுகிற எல்லாரும் இயற்கை நூலில் நெய்த உடுப்பில்தான் வர வேண்டும் என்பது கட்டளை. எங்கள் தேயிலைப் பெட்டியில் ‘இயற்கை’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், ஆகவே நாங்களும் இயற்கையாக இருக்க வேண்டும்.

நான் பேச நினைத்தது ஒரே ஒரு விஷயம். உலர்த்தும் அறை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறுகிற பெண், பின்னேரம் சொட்டச் சொட்ட இறங்குகிறாள். அந்த உடுப்பைக் காயவைக்க அவளுக்கு இடம் இல்லை. மறுநாள் அதே ஈரத்தை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுகிறாள். சளி, இடுப்பு வலி, தோலில் சிரங்கு. அதே தோட்டத்தில் ஃபெக்டரி இருக்கிறது. அங்கே ராப்பகலாகச் சூடான காற்று ஓடுகிறது. இலை காய வேண்டுமே. ஃபெக்டரிச் சுவரை ஒட்டி ஓர் அறை கட்டி, அந்தச் சூட்டில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டால் போதும், ஆட்களின் உடுப்பும் காயும். இதை நான் பல தடவை எழுதிவிட்டேன். வாங்குகிறவர்களின் காதில் விழுந்தால், கம்பெனி வெட்கப்பட்டாவது கட்டும் என்று நம்பினேன்.

என்னிடம் இருந்த பருத்திச் சேலை ஒன்றுதான் மேடைக்குத் தகும். சந்தன நிறத்தில் அரக்குக் கரை போட்ட கைத்தறி. அதைத் துவைத்து இஸ்தோப்புத் திண்ணையில் போட்டேன். வாசலில் மழை, உள்ளே ஈரம். சேலை காயாமல் முடை வாசம் பிடிக்கத் தொடங்கியது. இன்னும் விட்டால் கறுப்புப் புள்ளி விழுந்து பூஞ்சணம் பூத்துவிடும். லயத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிற கம்பியில் போட்டேன். கீழே அம்மா கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி மிலாறை எரித்துச் சோறு ஆக்கினாள். சேலை காய்ந்தது. ஆனால் முகர்ந்தால் கருவாடு சுட்ட வீடு மாதிரி இருந்தது.

இந்தப் புகை வாசத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பஸார்க் கடைப் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொழும்பு பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எல்லாரும் எங்களுக்குக் குளிக்கத் தெரியாது என்று நினைக்கிறார்கள். துவைத்ததனால்தான் அந்த வாசம் வருகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? துவைக்காமல் உடுத்தினால் புகை வாசமே இருக்காது.

அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் ரிட்டயர் ஆகும் வரைக்கும் மலையில் கொழுந்து பறித்தவள், நடுவில் சில காலம் ஃபெக்டரியிலும் நின்றிருக்கிறாள். தேயிலைத்தூள் பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே பவுடர் பூசிக்கொண்டு வந்தால்கூட உள்ளே விடமாட்டார்கள்.

“புகை வாசம் போவணுமா? நல்ல தூளா ரெண்டு கை அள்ளி, பழைய துணியில முடிஞ்சு சீலைக்கு நடுவுல வையி புள்ள. நீ கொழும்பு போயி சேர்றதுக்குள்ள அது எல்லாத்தையும் இழுத்துரும்.”

“கறை புடிச்சிறாதாம்மா?”

“தண்ணி படாம பாத்துக்க. காஞ்ச தூளு என்ன செய்யப் போவுது?”

சேலையைக் கட்டுரையில் சொன்னபடி சுருட்டினேன். கஞ்சி போடவில்லை. போட்டால் மடிப்பு மடிப்பாக முறியும், ஈரக் காற்றில் புளித்தும் போகும். அம்மா சொன்னபடி நடுவில் தூள் முடிச்சை வைத்தேன். குளிருக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு வந்து கொழும்பு பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்துக்கொள்ளத்தான் இருந்தேன். கண்டக்டர் விடவில்லை. பை பெரிதாம், பின்னால் டிக்கியில்தான் போட வேண்டுமாம். உள்ளே உடுப்பு இருக்கிறது, நனையக்கூடாது என்று சிங்களத்தில் கெஞ்சினேன். ஒன்றும் ஆகாது என்றார். எனக்குப் பின்னால் ஏறியவர் அதைவிடப் பெரிய பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவர் கோட்டுப் போட்டிருந்தார். கித்துல்கல வரைக்கும் கொட்டோ கொட்டென்று மழை.

ஹோட்டல் அறையில் பையைத் திறந்தபோது அடியெல்லாம் ஈரம். சேலையை விரித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. முந்தானையில், தோளிலிருந்து நெஞ்சில் விழுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேயிலைக் கறை. அம்மா சொன்னது பொய்யாகவில்லை, புகை வாசம் முக்கால்வாசி போயிருந்தது. அது போன இடத்தில் கறை வந்து உட்கார்ந்திருந்தது.

சுடுதண்ணீர் பட்டால் கறை ஊறிப்போகும் என்பதால் பச்சைத் தண்ணீரில் முந்தானையை மட்டும் அலசினேன். கீழே உணவறையில் கேட்டு எலுமிச்சைப் பாதி வாங்கிவந்து உப்போடு தேய்த்தேன். கடும் நிறம் குறைந்து பழுப்பாக வந்தது, அதற்கு மேல் இறங்க மறுத்தது. அலசிய சேலையை நாற்காலிகளின் முதுகில் விரித்து மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து தொட்டால், சேலை காய்ந்திருந்தது. சுத்தமாக, வாசமே இல்லாமல் காய்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எங்கள் ஊரில் ஒரு வாரம் தவம் கிடந்தும் நடக்காதது இங்கே ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நடந்துவிடுகிறது. பருத்தி உடுத்துங்கள் என்று சட்டம் போடுகிறவர்கள் இந்த ஊரில்தானே இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் சேலையை இலேசாகத் தண்ணீர் தெளித்து அயன் பண்ணி உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கறையை மடிப்புக்குள் ஒளிக்கப் பார்த்தேன். கை அசையும்போதெல்லாம் அது எட்டிப் பார்த்தது. கூட்டத்தை நடத்துகிற விளம்பரப் பிரிவுத் தலைவி, கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, என்னைக் கண்டதும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

“ஐயோ, உங்கட சாரியில கறை இருக்கே.”

“தேயிலைக் கறைங்க மேடம். பை நனைஞ்சிருச்சு.”

“பரவாயில்ல, நல்லதாப் போச்சு. நான் உங்களுக்கு ஒண்டு கொண்டுவந்திருக்கிறன். எப்படியும் கேக்கத்தான் இருந்தனான்.”

அவர் ஒரு பையைத் திறந்து எடுத்துக் காட்டினார். பளபளக்கும் சிவப்புப் பொலியஸ்டர் சேலை, ஜரிகைக் கரை, தலையில் கட்ட மஞ்சள் துணி. கூடவே முதுகில் மாட்டிக்கொள்ளப் பூச்செடி வைக்கிற அளவில் ஒரு பிரம்புக் கூடை. இதை உடுத்திக்கொண்டு மேடையில் நின்று பேசினால் வாங்குகிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும் என்றார். உங்களுக்குத்தான் இது பொருந்தும், நீங்கள் அங்கேயே பிறந்தவர் அல்லவா என்றும் சொன்னார். அவர் முகத்தில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குப் பரிசு கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்து பறிக்கிற உடுப்பு கேவலம் என்று நான் நினைக்கவில்லை, அதை உடுத்தியவளின் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். ஆனால் அம்மா மலைக்குப் போனது வேறு மாதிரி. சாயம் போன சேலை, மேலே கிழிந்த ஸ்வெட்டர், செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி. அதில் பளபளப்பு எதுவும் கிடையாது. அந்த வேஷத்தில் உண்மையான ஒன்று இருந்தது என்றால் அது துணிதான். மலையில் பெண்கள் இப்போது நைலானும் பொலியஸ்டரும்தான் உடுத்துகிறார்கள். பருத்தி அங்கே காயாது. இயற்கை உடுப்பு என்று எல்லாருக்கும் சட்டம் போட்டவர்கள், தொழிலாளியின் வேஷத்துக்கு மட்டும் மறந்துபோய் உண்மையை வாங்கி வந்துவிட்டார்கள்.

“இத நான் போடல மேடம்.”

“ஏன், அதில என்ன? பெருமைதானே.”

“இதப் போட்டுக்கிட்டு நின்னா என்னைப் பாப்பாங்க. நான் சொல்றத யாரும் கேக்க மாட்டாங்க. நான் வந்தது ஒரு விஷயம் சொல்றதுக்கு.”

“அப்ப இந்தக் கறையோடயா மேடைக்குப் போவீங்க? இவ்வளவு பெரிய ஆக்கள் வந்திருக்கிற இடத்தில?”

“தேயிலை விக்கிற கூட்டத்துல தேயிலைக் கறை இருந்தா என்னங்க மேடம்?”

அவர் அந்த உடுப்பை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார். என் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. எடுக்கவில்லை. என் முறை வந்ததும் கூப்பிட்டார்கள்.

கறையோடு ஏறினேன். கையால் மறைக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். முதலில் நாக்குப் பிறழ்ந்தது, அப்புறம் சரியாக வந்தது. ஈர உடுப்பு, அடுப்புக் கம்பி, புகை, மறுநாள் அதே ஈரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஃபெக்டரிச் சூட்டில் ஓர் அறை வேண்டும் என்று கேட்டேன். இலையைக் காயவைக்க நாங்கள் எடுக்கிற அக்கறையில் கொஞ்சம் அதைப் பறித்த ஆளின் உடுப்புக்கும் எடுக்கலாம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் இயக்குநர்களில் ஒருவர் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. அறை வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இடைவேளை விட்டார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி, தண்ணீர் குடிக்கப் பக்கவாட்டில் நடந்தேன். அந்த இயக்குநர் ஒரு வெள்ளைக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். கையில் தேநீர்க் கோப்பை, குடித்து முடித்தது. நான் அருகில் வந்ததும், பேச்சை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், அந்தக் கோப்பையை என் பக்கமாக நீட்டினார்.

என் கை தானாகப் போய் அதை வாங்கிக்கொண்டது. அவர் மேல் வந்த கோபம் பெரிதா, என் கை மேல் வந்த கோபம் பெரிதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வேஷம் அந்தப் பக்கம் நாற்காலியில் கிடந்தது. நான் என் சேலையில்தான் நின்றேன். அடையாள அட்டைகூடக் கழுத்தில் தொங்கியது.

“சேர், இப்பப் பேசினது நான்தான்,” என்றேன். கோப்பையை அவர் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தேன்.

அவர் திரும்பினார். முதலில் முந்தானையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

“ஓ, ஆமாம், ஆமாம். மிகவும் நல்ல பேச்சு. நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் வெள்ளைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். கோப்பையைத் திரும்ப வாங்க அவர் கை நீளவில்லை.